பம்பின் கதவைத் திறந்தேன், பொட்டாசியம் ஓடிவிட்டது: தவறு முழுக்க என்னுடையதா?

வந்த கடிதத்தின் சுருக்கம்:

எழுதியவர் 27 வயது செவிலியர். மாவட்டத் தலைநகர் ஒன்றில், நடுத்தர அளவுள்ள தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறார். அதற்கு முன் மூன்று வருடம் பெருநகரத்து மருத்துவமனை ஒன்றில் இருந்தவர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஆறு வாரத்துக்கு முன் ஒரு நைட் டியூட்டி. வாந்தி, வயிற்றுப்போக்கால் பொட்டாசியம் 2.6 வரை இறங்கிப்போயிருந்த 58 வயதுக்காரருக்கு, 500 மி.லி. சலைனில் இரண்டு ஆம்பூல் பொட்டாசியம் குளோரைடு கலந்து, மணிக்கு 100 மி.லி. என்ற வேகத்தில் இன்ஃபியூஷன் பம்பில் (மருந்தை அளந்து செலுத்தும் கருவி) ஓடிக்கொண்டிருந்தது. வயிற்று ஸ்கேனுக்குக் கீழ்த்தளம் கொண்டுபோகச் சொன்னார்கள். அந்தப் பம்பின் பேட்டரி ஐந்து நிமிஷம் தாங்காது. அதனால் பாட்டிலைத் தனியாகக் கொண்டுபோகலாம் என்று பம்பை நிறுத்தி, கதவைத் திறந்து, உள்ளே இருந்த ஒரு கிளிப்பை அமுக்கிக் குழாயை வெளியே எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஸ்கேன் அறையிலிருந்து போன். பேசிவிட்டுத் திரும்ப மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். சொட்டு விழும் குப்பியில் மருந்து சொட்டாக இல்லாமல் கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. ரோலரை (குழாயைத் திறந்து மூடும் சின்னச் சக்கரம்) மூடுவதற்குள் ஏறக்குறைய 100 மி.லி. போய்விட்டது. மானிட்டரில் துடிப்பு 40க்கு இறங்கி, அலைகள் அகன்றுவிட்டன. டியூட்டி டாக்டர் உடனே, மிகையான பொட்டாசியத்தின் தாக்கத்திலிருந்து இதயத்தைக் காக்கும் கால்சியம் குளுக்கோனேட் கொடுத்தார். துடிப்பு சரியாயிற்று. ஐந்தாம் நாள் அவர் நடந்தே வீட்டுக்குப் போனார். குடும்பத்தாரிடம் ‘இதயத்தில் சின்னப் படபடப்பு’ என்று மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது.

இவருக்கு மெமோ வந்தது. ‘முழுக்க முழுக்க எனது அஜாக்கிரதையால் மட்டுமே நடந்தது’ என்று அலுவலகமே தட்டச்சு செய்த கடிதத்தில் வரும் திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். “பழைய மருத்துவமனையில் கதவைத் திறந்து குழாயை எடுத்தால் தானாக நின்றுவிடும். அந்த நினைப்பில் இருந்துவிட்டேன். இப்போது பொட்டாசியம் எல்லாம் சிரிஞ்சு பம்பில்தான் என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள், இனி பயமில்லை என்கிறார்கள். எனக்குத் தூக்கம் வருவதில்லை. என்மேல் வழக்கு வருமா? ஜெயிலா? அந்தக் குடும்பத்துக்கு உண்மையைச் சொல்ல வேண்டாமா? இந்த வேலையே வேண்டாம் என்று போய்விடலாமா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சிஸ்டர்,

உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் தாண்டிப்போன ஒரு வரி இருக்கிறது. ரோலரை மூடிய கையோடு டியூட்டி டாக்டரிடம் ‘சார், பொட்டாசியம் மொத்தமாக ஓடிவிட்டது’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மனிதர் உயிரோடு வீட்டுக்குப் போனது அந்த வாக்கியத்தால்தான். நீங்கள் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டிருந்தால், துடிப்பு ஏன் இறங்கியது என்று தேடுவதிலேயே அரிய நிமிஷங்கள் போயிருக்கும். கால்சியம் கடைசியில்தான் நினைவுக்கு வந்திருக்கும். நான் மயக்கவியலிலும் ஐசியூவிலும் பல வருடம் இருப்பவன். தவறு தெரிந்த அரை நிமிஷத்துக்குள் அதை உரக்கச் சொல்லும் தைரியம் எத்தனை பேருக்கு வராது என்று எனக்குத் தெரியும்.

தவறு நடந்ததா என்றால், நடந்தது. ரோலரை மூடாமல் குழாயைப் பம்பிலிருந்து எடுத்தீர்கள். உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக இதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘முழுக்க’, ‘மட்டுமே’ என்று அந்தத் தாளில் இருக்கும் இரண்டு சொற்களும் உண்மை இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தக் கிளிப் என்ன வேலை செய்தது?

பம்பில் மருந்து ஓடும்போது ரோலர் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் பம்பால் அளந்து தள்ள முடியும். ஆக, பாட்டிலுக்கும் நோயாளியின் நரம்புக்கும் நடுவே அந்த நேரத்தில் இருக்கும் ஒரே தடை, குழாயை அமுக்கிப் பிடித்திருக்கும் பம்புதான். குழாயைப் பம்பிலிருந்து எடுத்தால் அந்தத் தடையும் போய்விடும். பாட்டில் உயரத்தில் இருக்கிறது, கையில் பச்சை வென்ஃபிளான் (நரம்பில் போட்டிருக்கும் ஊசிக் குழாய்). ஒரு மணி நேரத்தில் போக வேண்டியது மூன்று நிமிஷத்தில் போவதற்கு வேறெதுவும் தேவையில்லை. உங்கள் நோயாளிக்கு மணிக்கு 8 மில்லி ஈக்விவலென்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) என்று கணக்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த பொட்டாசியம், அந்த 8-ம் ஒரு போன் பேசும் நேரத்தில் உள்ளே போய்விட்டது.

இப்படி நடக்கும் என்பது பம்பு செய்கிறவர்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரியும். அதைத் தடுக்க அவர்கள் எடுத்த வழிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. நீங்கள் சிக்கிக்கொண்டது அந்த வித்தியாசத்தில்தான்.

சில பம்புகளுக்கு அவற்றுக்கென்றே செய்த ஐவி செட் (பாட்டிலிலிருந்து நரம்புக்குப் போகும் குழாய்) வரும். அந்தக் குழாயிலேயே ஒரு சின்னப் பிளாஸ்டிக் பூட்டு கோத்திருக்கும். அதைப் பம்பில் அதற்கென உள்ள துளையில் வைத்தால்தான் குழாய் உட்காரும். குழாயை வெளியே எடுக்க வேண்டுமென்றால், கதவு திறக்கும்போதோ அதற்கு முன்போ அந்தப் பூட்டு குழாயை நெரித்து மூடிவிடும். இன்னும் சிலவற்றில் குழாயின் நடுவே ஒரு கேசட் இருக்கும், கதவு திறந்ததும் அதன் வாய் மூடிக்கொள்ளும். எப்படியானாலும், பூட்டு குழாயோடு சேர்ந்தே வெளியே வருகிறது. மருந்து ஓட வேண்டுமென்றால் யாராவது வேண்டுமென்றே அதைத் திறக்க வேண்டும். உங்கள் பழைய மருத்துவமனையில் இருந்தது இந்த வகை. அங்கே ‘கதவைத் திறந்தால் நின்றுவிடும்’ என்று மூன்று வருடம் உங்கள் கை கற்றுக்கொண்டது முழுக்கச் சரி.

இன்னொரு வகையில் எந்தக் கம்பெனியின் சாதாரண ஐவி செட்டையும் மாட்டலாம். செலவு குறைவு, கடையில் கிடைப்பதை வாங்கிப் போடலாம் என்பதால் நம் ஊரில் நிறைய இடங்களில் இதுதான். இதில் பூட்டு பம்புக்குள்ளே இருக்கிறது. கதவு திறந்ததும் ஒரு கிளிப் குழாயைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் மருந்து ஓடாது. ஆனால் அந்தக் கிளிப்பை அமுக்கிக் குழாயை உருவிவிட்டால், பூட்டு பம்பிலேயே தங்கிவிடும். குழாய் திறந்த குழாயாக உங்கள் கையில் வரும்.

நீங்கள் ‘உள்ளே இருந்த ஒரு கிளிப்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் அந்தப் பூட்டு. அதை அமுக்கியது உங்கள் விரல். ஆனால் அது பூட்டு என்று இந்த எட்டு மாதத்தில் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. புதிய இடத்தில் சேரும் செவிலியருக்குப் பம்பைக் காட்டும்போது, ஆன் செய்வது, வேகம் வைப்பது, அலாரத்தை நிறுத்துவது, இந்த மூன்றைத்தான் காட்டுகிறோம். குழாயைக் கழற்றுவதைக் காட்டுவதில்லை. ஆபத்து இருப்பதோ கழற்றுவதில்.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் இதைப் பற்றி 2000ஆம் ஆண்டு நவம்பரிலேயே எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. 2003ஆம் ஆண்டுக்கான தேசிய நோயாளி பாதுகாப்பு இலக்குகளில், எல்லாப் பொதுப் பயன்பாட்டுப் பம்புகளிலும் மருந்து தானாக ஓடாமல் தடுக்கும் அமைப்பு இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. செவிலியர்களை இன்னும் கவனமாக இருக்கச் சொல்லிப் பார்த்துத் தீராததால்தான் கருவியை மாற்றச் சொன்னார்கள். 2010இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம், முந்தைய ஐந்து ஆண்டுகளில் இன்ஃபியூஷன் பம்புகள் தொடர்பாக ஏறத்தாழ 56,000 பாதிப்பு அறிக்கைகள் வந்ததாகச் சொன்னபோது, அவற்றில் பல பிரச்சினைகளுக்குக் காரணம் கருவியின் வடிவமைப்பிலும் பொறியியலிலும் உள்ள குறை என்றே எழுதியது. உங்களுக்கு வந்த மெமோவில் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள்.

“அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று புரியவில்லை” என்றும் எழுதியிருந்தீர்கள். குழாய் வெளியே வந்த பிறகு அதில் என்ன ஓடுகிறது என்று பம்புக்குத் தெரியாது. காற்றுக் குமிழி அலாரம், அடைப்பு அலாரம் இரண்டுமே குழாய் பம்புக்குள் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் வேலை செய்பவை. நீங்கள் பம்பை நிறுத்தியும் விட்டீர்கள். அந்த நிலையில் பல பம்புகள் மருந்து தானாக ஓடுகிறது என்று எச்சரிக்காது. குழாயிலேயே பூட்டு இருக்கும் செட் அங்கே காப்பாற்றியிருக்கும்.

சிரிஞ்சு பம்புக்கு மாறினால் தீர்ந்ததா?

உங்கள் நிர்வாகத்தின் புதிய உத்தரவு நல்ல எண்ணத்தில் போட்டதுதான். உயரத்தில் தொங்கும் 500 மி.லி. பாட்டிலுக்குப் பதில், தண்டைப் பம்பு மெல்லத் தள்ளும் 50 மி.லி. சிரிஞ்சு என்றால், மோசமாக நடந்தாலும் போகக்கூடிய திரவம் குறைவுதான். ஆனால் சிரிஞ்சில் மருந்தின் செறிவு அதிகம் என்பதை மறந்துவிடக் கூடாது. அடர்த்தியான பொட்டாசியம் கைநரம்புக்கு ஒத்துக்கொள்ளாது, பெரிய நரம்பில் போட்ட சென்ட்ரல் லைன் வேண்டும். அதைவிட முக்கியம், ‘இனி பயமில்லை’ என்ற நினைப்பு.

நான் பட்ட மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்த சிரிஞ்சு தீர்ந்துபோக, புதியதை நான்தான் மாற்றினேன். பழைய மாடல் பம்பு. சிரிஞ்சுத் தண்டின் தலைப்பகுதி, அதைத் தள்ளும் பம்பின் பிடிக்குள் சரியாக உட்காரவில்லை, வெறுமனே அதன்மேல் சாய்ந்திருந்தது. இடம் போதாமல் பம்பை நோயாளியின் தலைக்கு மேலிருந்த தட்டில் வைத்திருந்தோம். உயரத்திலிருந்து இறங்கும் குழாயின் இழுப்பிலேயே தண்டு தானாக உள்ளே போக ஆரம்பித்தது. பம்பு வழக்கம்போல மெல்ல நகர்ந்துகொண்டிருக்க, மருந்து அதைவிட வேகமாகப் போனது. ரத்த அழுத்தம் 230ஐத் தாண்டிய பிறகுதான் என் கண் சிரிஞ்சின் பக்கம் போனது. பக்கத்துப் படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மூத்த சிஸ்டர் ஓடிவந்து த்ரீவேயை (குழாயில் இருக்கும் மூன்று வழித் திருப்பு) திருப்பி மூடினார். அந்த நோயாளி பிழைத்தார். எனக்கு அன்று யாரும் மெமோ கொடுக்கவில்லை, என் பேராசிரியர் மறுநாள் எல்லா மாணவர்களையும் கூட்டி அந்தப் பம்பைக் கழற்றி மாட்டிக் காட்டினார். உங்களுக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லையே என்பதுதான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது.

அதனால் சிரிஞ்சு பம்பைப் பொறுத்தவரை: தண்டின் தலையும் சிரிஞ்சின் காதும் (விரல் பிடிக்கும் விளிம்பு) அவற்றின் பள்ளத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். பம்பை நோயாளியின் நெஞ்சு மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சிரிஞ்சைக் கழற்றும் முன் நோயாளி பக்கம் உள்ள த்ரீவேயை மூடுங்கள். திரையில் தெரியும் சிரிஞ்சின் கம்பெனி, அளவு இரண்டும் மாட்டியிருக்கும் சிரிஞ்சுதானா என்று பாருங்கள். உட்புற விட்டம் மாறினால் அதே நகர்வுக்குப் போகும் மருந்தின் அளவும் மாறிவிடும். கிடைத்தால், மருந்து தானாக இழுபட்டு இறங்குவதைத் தடுக்கும் வால்வு உள்ள நீட்டிப்புக் குழாயைக் கேட்டு வாங்குங்கள்.

இனி கையில் வர வேண்டிய பழக்கங்கள்

உங்கள் ஐசியூவில் நாளைக்கே பம்புகளை மாற்றிவிடப் போவதில்லை. இருப்பதை வைத்துக்கொண்டு செய்யக்கூடியவை இவை.

கதவைத் தொடும் முன் ரோலர். எந்தப் பம்பாக இருந்தாலும், எந்த செட்டாக இருந்தாலும் சரி. நிறுத்து, ரோலரை மூடு, நோயாளி பக்கத்துக் கிளாம்பையோ த்ரீவேயையோ மூடு, அப்புறம்தான் கதவு. பூட்டு உள்ள செட்டிலும் இதையே செய்யுங்கள். அப்போதுதான் இன்னொரு மருத்துவமனைக்குப் போனாலும் கை ஏமாறாது. குழாய் வெளியே வந்ததும் சொட்டு விழும் குப்பியை ஒரு பத்து விநாடி பாருங்கள். போன் அடித்தால் அடிக்கட்டும்.

ரோலர் பம்புக்குக் கீழே. செட்டைத் தயார் செய்யும்போது ரோலரைப் பம்புக்கும் நோயாளிக்கும் நடுவில் வருமாறு இறக்கி வையுங்கள். கண்ணுக்கு நேராக, கைக்கு எட்டும்படி இருக்கும். மாட்டிய பிறகு திறக்க மறந்தாலும் பம்பு அழுத்தம் ஏறி அடைப்பு அலாரம் கொடுத்துவிடும். ரோலர் மேலே இருந்தால், சில எளிய பம்புகளுக்கு அது மூடியிருப்பதே தெரியாது, மருந்து போகாமலே ‘ஓடுகிறது’ என்று காட்டிக்கொண்டிருக்கும். ஒன்று கவனம்: அடைப்பு அலாரம் அடித்து, மூடியிருந்ததைச் சட்டென்று திறந்தால், குழாயில் தேங்கிய அழுத்தம் ஒரு சின்னப் பங்கு மருந்தை ஒரேயடியாகத் தள்ளும். நார்அட்ரினலின் மாதிரி மருந்துகளில் அது சின்ன விஷயம் இல்லை. முதலில் பம்புக்குள் இருக்கும் அழுத்தத்தை விடுவித்துவிட்டு அப்புறம் நோயாளி பக்கம் திறக்க வேண்டும். இதை எப்படிச் செய்வது என்பது பம்புக்குப் பம்பு மாறும், உங்கள் மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் ஆளிடம் கேட்டுச் செய்து பாருங்கள்.

போகக்கூடிய அளவையே குறைத்துவிடுங்கள். பொட்டாசியம் போன்ற மருந்தை 500 மி.லி. பாட்டிலில் இருந்து நேராக ஓட்டும்போது நடுவே ஒரு ப்யூரெட் செட்டை (அளவுக் கோடு போட்ட சின்னக் குப்பி உள்ள குழாய்) போடலாம். குழந்தைகள் வார்டில் கட்டாயம் இருக்கும். மேலே பாட்டிலின் கிளாம்பை மூடிவிட்டு, ப்யூரெட்டில் ஒரு மணி நேரத்துக்கு வேண்டியதை, அல்லது அதிலும் பாதியை மட்டும் நிரப்புங்கள். எது தவறினாலும் அதற்கு மேல் போக வழியில்லை. இது சிரமம்தான், அரை மணிக்கு ஒருதரம் நிரப்ப வேண்டிவரும். நோயாளிக்கு ஒருவர் என்று ஆள் இல்லாத ஐசியூவில் இந்தச் சிரமம் செய்யத் தகுந்தது.

ஸ்கேனுக்குப் போகும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். ‘சார், இது அந்த அரை மணி நேரம் ஓடியே ஆக வேண்டுமா?’ பொட்டாசியத்தைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டுப் போகலாம். மூடி, கழற்றி, முனையை அடைத்துவிட்டு, திரும்பி வந்து ஆரம்பிக்கலாம். நார்அட்ரினலினை நிறுத்த முடியாது, அதற்கு பேட்டரி உள்ள பம்பு வேண்டும். பேட்டரி தாங்காத பம்பை ஐசியூவில் வைத்திருப்பது உங்கள் தவறு இல்லை. ஆனால் அதை எழுத்தில் தெரிவிப்பது இனி உங்கள் பழக்கமாகட்டும். திரும்பி வந்ததும் ஒவ்வொரு குழாயையும் பாட்டிலில் ஆரம்பித்து கை வரை விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள். நோயாளியை இடம் மாற்றும்போதுதான் குழாய்கள் மாறிப்போகின்றன.

சாதாரண செட்டைப் போடுவதாக இருந்தால் பம்பில் அந்தக் கம்பெனியின் பெயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். குழாயின் தடிமனும் உள்விட்டமும் மாறினால் வேகமும் மாறும். ஸ்டோரில் வேறு கம்பெனி செட் வந்த அன்றே இது தெரியவேண்டும், ஆனால் பெரும்பாலும் யாரும் ஐசியூவுக்குச் சொல்வதில்லை.

கையெழுத்தும் சட்டமும்

நான் வழக்கறிஞர் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், முடிவுக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

ஜெயில் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். உங்கள் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். மரணம் நேர்ந்த வழக்கிலேயே, மருத்துவத் துறையினர்மேல் குற்றவியல் பொறுப்பு சுமத்த வேண்டுமென்றால் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொல்லியிருக்கிறது. இழப்பீடு கேட்டு வழக்கு வரலாமா என்றால், வரலாம். காசு வாங்கிக்கொண்டு செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995இல் வி.பி. சாந்தா வழக்கிலேயே முடிவாகிவிட்டது. புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் ஊழியரின் செயலுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியது மருத்துவமனைதான்.

அதனால்தான் அந்தத் தாளைப் பற்றி நான் கவலைப்படுகிறேன். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் முதலில் எடுத்து நீட்டப்படும் காகிதம் அதுவாக இருக்கும். அவர்கள் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள். அதே சமயம் ‘நான் ஒன்றும் எழுதித் தர மாட்டேன்’ என்றும் நிற்காதீர்கள், நடந்ததை மறைப்பது போலாகிவிடும். நீங்களே எழுதுங்கள். இந்த மாதிரி:

“இந்தத் தேதி இரவு இத்தனை மணிக்கு, ஸ்கேனுக்குக் கொண்டுசெல்வதற்காகப் பம்பை நிறுத்தி, கிளிப்பை விடுவித்துக் குழாயை வெளியே எடுத்தேன். ரோலர் திறந்திருந்தது, நான் மூடவில்லை. ஏறக்குறைய மூன்று நிமிஷத்தில் சுமார் 100 மி.லி. சென்றது. கவனித்ததும் மூடி டியூட்டி டாக்டரிடம் தெரிவித்தேன். பயன்படுத்திய ஐவி செட்டில் தானாக மூடும் பூட்டு இல்லை. பம்பின் பேட்டரி ஐந்து நிமிஷம்கூடத் தாங்காததால் குழாயைக் கழற்ற வேண்டியிருந்தது. அப்போது நான்கு நோயாளிகள் என் பொறுப்பில் இருந்தனர். இந்தப் பம்பில் குழாயைக் கழற்றும் முறை குறித்து எனக்குப் பயிற்சி தரப்படவில்லை.”

இதில் குறை சொல்வதோ கெஞ்சுவதோ இல்லை. உங்கள் தவறும் இருக்கிறது, மற்றவையும் இருக்கின்றன. ஒரு நகலைத் தேதியுடன் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. மருத்துவக் கருவிகளால் நேரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய 2015 ஜூலையிலிருந்து மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் என்று ஒன்று நம் நாட்டில் நடக்கிறது. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் தரநூல் ஆணையம் அதை நடத்துகிறது. டாக்டர்தான் எழுத வேண்டும் என்றில்லை, செவிலியரும் எழுதலாம். கட்டணமில்லாத் தொலைபேசி 1800-180-3024. பம்பின் மாடல் எண், செட்டின் பேட்ச் எண் கிடைத்தால் சேர்த்து அனுப்புங்கள். முதலில் உங்கள் மருத்துவமனையின் பாதுகாப்புக் குழு வழியாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் மறுத்தால் நீங்களே அனுப்பலாம். தனியாக அனுப்பினால் நிர்வாகத்தோடு உரசல் வரலாம் என்பதையும் யோசித்துச் செய்யுங்கள். வேலை உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் குடும்பத்துக்குச் சொல்வது

சொல்ல வேண்டும். எனக்கு இதில் இரண்டாவது எண்ணம் இல்லை. அந்த மனிதருக்கு அன்று இரவு துடிப்பு ஏன் இறங்கியது என்பது தெரியாவிட்டால், நாளைக்கு இன்னொரு டாக்டர் ‘உங்களுக்கு இதயக் கோளாறு வந்திருக்கிறதே’ என்று தேவையில்லாத பரிசோதனைகளும் மாத்திரைகளும் எழுதுவார். அவருக்கு வந்தது மருந்தின் அளவு மீறியதால் வந்த பாதிப்பு. அவருடைய உடம்பில் நடந்ததைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலேயே உள்ளது.

ஆனால் நீங்கள் தனியாகப் போய்ச் சொல்லாதீர்கள். போன் நம்பரைத் தேடி எடுத்து அழுதுகொண்டே பேசிவிடலாம் என்று ஒரு இரவு தோன்றியதாக எழுதியிருந்தீர்கள், அது வேண்டாம். அவர்கள் கேட்கும் மருத்துவக் கேள்விகளுக்கு உங்களால் பதில் சொல்ல முடியாமல் போகும். சொல்ல வேண்டியவர் அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். அவரிடம் போய், ‘சார், அவர் ரிவ்யூவுக்கு வரும்போது நீங்கள் சொல்ல வேண்டும், விரும்பினால் நானும் கூட நிற்கிறேன்’ என்று கேளுங்கள். குடும்பத்தார் கோபப்படுவார்கள். பயப்பட வேண்டாம், கோபம் நியாயம்தானே. உடனே கண்டுபிடித்துச் சரிசெய்தோம், இனி நடக்காமலிருக்க இதைச் செய்திருக்கிறோம் என்று சொல்ல அந்த டாக்டரிடம் விஷயம் இருக்க வேண்டும். அதற்காகவும்தான் பூட்டு உள்ள செட் வாங்கச் சொல்லி நீங்கள் கேட்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

வேலையை விடுவது பற்றி

இப்போது முடிவெடுக்காதீர்கள். இப்படி ஒரு சம்பவத்தில் மாட்டிக்கொண்ட மருத்துவப் பணியாளரை ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்று ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000ஆம் ஆண்டில் எழுதினார். கண்ணை மூடினால் அந்தச் சொட்டுக் குப்பி தெரிகிறது, ஒவ்வொரு பம்பையும் நாலு தடவை பார்க்கிறேன் என்று நீங்கள் சொல்வதெல்லாம் அதுதான். ஆறு வாரமாகத் தூக்கம் இல்லாமல் ஐசியூவில் நிற்பது உங்களுக்கும் நல்லதில்லை, நோயாளிகளுக்கும் நல்லதில்லை. இரண்டு வாரம் வார்டுக்கு மாற்றிக் கேளுங்கள், நைட் டியூட்டி வேண்டாம் என்று கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். ஒரு மாதம் கழித்தும் இதே நிலை என்றால் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். அதற்குப் பிறகும் இந்த வேலை வேண்டாம் என்று தோன்றினால் அப்போது விடலாம், யாரும் தடுக்க முடியாது.

திங்கட்கிழமை போகும்போது, நீங்கள் எழுதிய அறிக்கையோடு இன்னொரு தாளும் கொண்டுபோங்கள். அதில் மூன்று கோரிக்கைகள் போதும்: பொட்டாசியம், இன்சுலின், ஹெப்பரின், நார்அட்ரினலின் இவற்றுக்காவது பூட்டு உள்ள பம்பு செட் வாங்குவது, எல்லாப் பம்புகளின் பேட்டரியையும் சோதித்துத் தேதி ஒட்டுவது, புதிதாகச் சேரும் ஒவ்வொரு சிஸ்டரும் குழாயைக் கழற்றுவதைச் செய்து காட்டிய பிறகே ஐசியூவில் தனியாக நிற்பது. மேட்ரனைத் தனியாகப் பார்த்து முதலில் அவரிடம் காட்டுங்கள். அவர் கூட வந்தால் பாதி வேலை முடிந்தது. வராவிட்டாலும் தாளைக் கொடுத்துவிட்டு, நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.